வியாழக்கிழமை முடியாது

ஹலோ… ஹலோ மலரு… கேக்குதா?… ஆங், நான் தான், அண்ணி. ஆமா, ஆமா, ரயிலு கெளம்பி எவ்ளோ நேரமாச்சி, திருவள்ளூரே வரப்போவுது. ஜன்னலு சீட்டு தான்… மகி எந்திரிச்சிட்டாளா?… கண்ணு எப்டி கீது?… ரெண்டு கண்ணுமா? நேத்து ஒண்ணு தானேடி செவந்து கெடந்துச்சி… அய்யோ, பாவம்.

சரி, கேளு. சொட்டு மருந்து ஃப்ரிட்ஜுல, முட்ட வெக்கிற எடத்துல கீது. படுக்க வெச்சி ஊத்து. நிக்க வெச்சி ஊத்துனா எல்லாம் கன்னத்துல தான் போவும். அவ டவல தனியா போடு. ஊத்துனதும் உன் கைய சோப்பு போட்டு கழுவிக்கோ. மெட்ராஸ் ஐ உனுக்கும் ஒட்டிகிச்சின்னா அப்பால நீ கம்பெனிக்கி போவ முடியாது… இன்னா?… ஒண்ணியும் சொல்லலியா? சரி, சரி. மாவு கீது, அவளுக்கு தோச சுட்டு குடு. உனுக்கும் ரெண்டு சுட்டுக்கோ. சும்மா டீய குடிச்சிகினு குந்திகினு இருக்காத.

எனுக்கா? எனுக்கு இன்னா, ராணி மாதிரி போறேன். இட்லி வட வந்துகினே கீது. கோயமுத்தூருல எறங்குனதும் மில்லு கார் வரும். மூணு மணிக்கி கிளாஸு. அறுபது பொம்பளைங்களாம் மலரு! 'வேலையிடத்தில் தன்னம்பிக்கை'ன்னு பேனரு அடிச்சி, எம் போட்டோ போட்டு, 'பயிற்சியாளர் எழில்மொழி'ன்னு எழுதி கீறாங்க. வாட்சப்புல வந்துச்சி, உனுக்கு அனுப்புறேன். மூஞ்ச ஒரேடியா வெள்ளையா ஆக்கிட்டானுங்க, உங்கண்ணன் பாத்தா யாருடி இதுன்னுவாரு…

இன்னாடி, சிரிக்க கூட மாட்டேங்குற? தூக்கமா?… உம்னு சொல்ற. ஆங்னு சொல்ற. வேற ஒண்ணும் வாயில வரல…

அது இன்னா ஹாரனு சத்தம்?… ஆங், உங்க கம்பெனி பஸ்ஸா? அந்த ஹாரனு தெருவயே எயுப்புமே… அது இன்னா இந்நேரத்துக்கு? இந்த வாரம் உனுக்கு செகண்ட் ஷிப்ட்டு தானே?… ஃபஸ்ட்டா? எப்பலேர்ந்து?… திங்கக்கெயமலேர்ந்தேவா? அப்ப இன்னிக்கி லீவு போட்டியா?… அடக் கடவுளே. எனுக்கு தெரியாதே மலரு. நீ மத்தியானம் தான் போவணும், அதுக்குள்ள உங்கண்ணன் வந்துருவாருன்னு நெனச்சிகினு கெளம்பிட்டேன்… இல்ல, பரவால்லன்னு சொல்லாத. எனுக்கு ஒரு மாதிரி ஆவுது… சரி, வந்து உனுக்கு நல்லதா ஒரு சுடிதாரு வாங்கியாறேன். கோயமுத்தூருல துணி நல்லா இருக்கும்… வாணாமா? ஏன் வாணாம்?

மகிகிட்ட குடு, குடு. ஒரு நிமிசம் பேசிட்டு குடுக்கறேன்.

மகி கண்ணு! அம்மா பேசறேன்… கண்ண கசக்குனியா?… பொய் சொல்லாத… கசக்கலியா? சமத்து. அத்த சொல்றத கேக்கணும், இன்னா?… அத்த இன்னா பண்ணுது?… குந்திகினு கீதா. சரி… பொடவயா? வூட்ல எதுக்கு பொடவ?… எந்த நீல பொடவ, அம்பேத்கர் பொறந்த நாளைக்கி எடுத்தமே, அதுவா?… பூவும் வெச்சிகினு கீதா?… அத்தைக்கும் கண்ணு செவப்பா கீதா? ரெண்டுமா? அச்சச்சோ, ஒட்டிகிச்சா… இல்லியா?… தண்ணி வருதா. நீ ஏன் அத்தன்னு கேட்டியா?… மகி, போன அத்த கையில குடு. குடுடா செல்லம், அம்மா அப்பறமா பேசறேன்.

மலரு… ஏய், இன்னாடி ஆச்சி? அயுதியா?… வெங்காயம்னுலாம் கத வுடாத, தோசைக்கி எதுக்கு வெங்காயம்? பொடவ கட்டிகினு யாருக்காக குந்திகினு கீற? எவனாச்சும் பொண்ணு பாக்க வரானா, எங்கிட்ட சொல்லாம?… பின்ன?…

இன்டர்வியூவா?… எந்த இன்டர்வியூ?… லைன் லீடருக்கா? இன்னிக்கா?

இன்னிக்கி எப்டிடி? அடுத்த மாசம்னு தானே சொல்லிகினு இருந்த… பதினோரு மணிக்கா… இரு, இரு. ஏழு வருசமா கான்ட்ராக்ட்ல ஒயரு சுத்திகினு கீற, பர்மனென்ட் ஆவறதுக்கு இது தானே வயின்னு நானே உங்கிட்ட எத்தினி தபா சொல்லி கீறேன்? அத வுட்டுட்டு மெட்ராஸ் ஐக்கு சொட்டு ஊத்திகினு குந்தி கீற? ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?…

சொன்னியா? எப்ப சொன்ன? சும்மா சொல்லாத மலரு… நாயித்துக்கெயமயா? நாயித்துக்கெயம நாம என் கிளாஸுக்கு ரிகர்சல் தானே பண்ணிகினு இருந்தோம். நான் கேப்பேன், நீ முடியாதுன்னு சொல்லுவ. வாரா வாரம் பண்றது தானே… ஆமா, வீடியோ எடுத்தேன். ஆமா… அதுல எங்க நீ இன்டர்வியூன்னு…

இல்லியே.

சார், சாரி சார், மெதுவா பேசறேன்… ஆமா சார், வீட்ல கொஞ்சம் பிரச்சன…

மலரு, இரு, வெச்சிடாத. லேப்டாப்புல கீது, பாத்துடறேன். இன்னிக்கி கிளாஸுல மொதல்ல இதத்தான் போடறேன், அதனால கட் பண்ணி வெச்சி கீறேன். கட் பண்ணாதது கூட இங்கதான் எங்கியோ… ஆங். ஓடுது. சத்தம் கம்மியா வெச்சி கேக்கறேன், நீ லைன்லயே இரு.

நான் கேக்கறேன், 'மலர்க்கொடி, இன்னிக்கி ரெண்டு ஷிப்ட்டு பாக்கறியா?' நீ முடியாது சார்ன்ற. சிரிக்கிற… 'மலர்க்கொடி, எல்லாருக்கும் டீ வாங்கியா.' முடியாது சார்… அப்பால நான் கேக்கறேன்…

அய்யோ.

'மலரு, வியாயக்கெயம நான் கோயமுத்தூரு போறேன், மகிக்கு கண்ணு செவந்துகினு வருது, ஸ்கூலுக்குள்ள வுட மாட்டாங்க, நீ பாத்துக்கோ'ன்றேன். நீ சிரிக்கல. கேமராவ பாக்கல, என்னிய பாக்குற. 'முடியாது அண்ணி. வியாயக்கெயம எனுக்கு இன்டர்வியூ கீது.' தெளிவா சொல்ற. கேக்காதவளுக்கு கூட கேக்கும். நான் இன்னா பண்றேன்?… கை தட்றேன். 'சூப்பர் மலரு! ஆனா காரணம் சொல்லக்கூடாது. காரணம் சொன்னா அவங்க அதுக்கு ஒரு வயி கண்டுபுடிப்பாங்க. முடியாது, அவ்ளோதான். இன்னொரு தபா சொல்லு, சத்தமா சொல்லு.'

நீ இன்னொரு தபா சொல்ற. முடியாது. அப்பால தலைய குனிஞ்சிகினு ஒரு சிரிப்பு சிரிக்கிற. அந்த சிரிப்ப பாத்து, ஆகா, புள்ளைக்கி இன்னா வெக்கம்னு நெனச்சேன்டி நான்.

நான் கேட்டது நெசமா தான் கேட்டேன் மலரு. அது எனுக்கு நல்லா தெரியும். பதில மட்டும் ரிகர்சல்னு எடுத்துகினேன்… வசதியா எடுத்துகினேன்… ஆமா. வசதியா தான். நீ சொல்றது கரெக்ட்டு.

சரி, மறு நாளு இன்னொரு தபா சொல்லி இருக்கலாம்ல? இல்ல, உன்னிய குத்தம் சொல்லல, கேக்கறேன்… சொன்னியா? திங்கக்கெயம?… சொல்ல வந்தியா… நான் இன்னா சொன்னேன்?… 'நீ இல்லன்னா நான் எப்டிடி போவேன் செல்லம்'னு சொன்னேனா. கன்னத்த புடிச்சிகினு… ஆமா. சொன்னேன். அப்டி சொன்னா நீ அதுக்கு மேல பேச மாட்டன்னு எனுக்கு தெரியும் மலரு. தெரிஞ்சே தான் சொல்றேன் போலகீது. மூணு வருசமா.

இன்னொண்ணு சொல்றேன், கேட்டுட்டு திட்டு. நீ இன்டர்வியூன்னு சொன்ன எடத்த நான் வெட்டிட்டேன். வீடியோவுல. காரணம் சொன்னா பாடம் கெட்டுப்போவுதுன்னு. ஓசூருல போன வாரம் போட்டு காட்டுன பயைய வீடியோவ வுட இது தாவலன்னு… அறுபது பொம்பளைங்க முன்னாடி நீ முடியாதுன்னு சொல்லுவ. எல்லாரும் கை தட்டுவாங்க. நீ இங்க பொடவ கட்டிகினு சொட்டு மருந்து ஊத்திகினு…

ஒரு நிமிசம், ஒரு நிமிசம், கோயமுத்தூரு மில்லு மேடம் கூப்புடறாங்க. ஹோல்டு போடறேன், வெச்சிடாத.

வணக்கம், சொல்லுங்க ஆஃபியா மேடம்… ஆமாங்க, ரயில்லதான் இருக்கேன்… இல்லைங்க, எந்த சிரமமும் இல்லைங்க… எல்லாருமே பேரு குடுத்துட்டாங்களா? ரொம்ப சந்தோஷங்க… வீடியோவா? ஆமாங்க… என் நாத்தனார்தாங்க அது… ஆமாங்க, ரொம்ப… தைரியமான பொண்ணுங்க… சரிங்க. வச்சிடறேங்க.

மலரு? கீறியா?… கேட்டுச்சா? ஹோல்டு போட்டேனே… கேட்டுச்சா. வாயில வந்துடுச்சிடி. தொயிலு பேச்சு. வாயி தானா பேசுது. எனுக்கே கலீஜா கீது.

சரி, அயுது இன்னா ஆவப்போவுது, வயிய பாப்போம். உங்கண்ணனுக்கு போன் போடு… நானே போடறேன்… எண்ணூரு ரோட்ல நிக்கிறாரா? இன்னும் ஹார்பருக்குள்ள வுடலியா? ராத்திரியே நின்னுகினு இருந்தாரே… ஆமா, ட்ரெய்லர நடு வரிசையில வுட்டுட்டு எப்டி வருவாரு. நகரவும் முடியாது. சரி, அவுரு வாணாம்.

ஜெமிமாக்கா? கீய கட தொறந்து வெச்சிருப்பாங்கல்ல… ஆமா, மளிக கடயில மெட்ராஸ் ஐ புள்ளைய நாள் பூரா குந்த வெச்சா எவன் வந்து அரிசி வாங்குவான். அவங்க வூட்டுக்காரரு ஆசீர்வாதம் அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, ஆனா நமக்கே நல்லா இல்ல.

அப்ப இப்டி பண்ணு. உங்க ஹெச்.ஆர். நம்பரு குடு. நான் பேசறேன். எனுக்கு பேசத் தெரியும், பக்குவமா சொல்லி நாளைக்கி மாத்த… ஏன்? ஏன் பேசக்கூடாது?… இல்லடி, நான் உனுக்காக தானே…

சரி. சரி, கத்தாத. பேசல.

…

கத்துனதுக்கு சாரிலாம் எதுக்கு கேக்குற? கத்து. நீ கத்தியே நான் கேட்டதில்ல.

மலரு, நான் அரக்கோணத்துல எறங்கிடறேன்… ஆமா, நெசமா தான். இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துரும். எறங்குனா லோக்கலு கெடைக்கும், வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன்ல எறங்கி ஓடியாந்துருவேன். நீ பதினோரு மணிக்கி தாராளமா போவலாம்… தெரியும்டி, அறுபது பேரு காத்துகினு இருப்பாங்க. எனுக்கு தெரியாதா? அந்த மில்லுல சம்பளத்தோட அர நாளு இதுக்குன்னு வுடறது இது தான் மொத தபாவாம். அவங்க இன்னா பாவம் பண்ணாங்க? இங்க குத்துது, அங்கயும் குத்துது. எந்தப் பக்கம் திரும்புனாலும் எங்கியோ ஒரு பொம்பளைக்கி நான் துரோகம் பண்ற மாதிரியே கீது… அதுக்குன்னு?

இன்னா சொன்ன? திரும்ப சொல்லு, டவரு போயிடுச்சி…

கதயா?… இதயும் கிளாஸுல கதயா சொல்லுவனான்னா கேக்குற?… சத்தியமா சொல்ல மாட்டேன் மலரு. எங்கம்மா மேல சத்தியமா. எந்த கிளாஸுலயும்…

…

யோசிச்சேன். ஆமா. பொய் சொல்லல. எறங்கிடறேன்னு உங்கிட்ட சொல்லசொல்லவே, அடுத்த மாசம் மதுரையில இத எப்டி ஆரம்பிக்கலாம்னு மண்டைக்குள்ள ஓடிடுச்சி. 'ஒரு நாள் ரயிலில் போய்க்கொண்டிருந்தேன்'னு. நான் அப்டி ஆயிட்டேன்டி. உன்னிய வெச்சி ஓசூரு, திருப்பூரு, திண்டுக்கல்லுன்னு எத்தினி ஊருல கை தட்டு வாங்கி கீறேன். 'என் நாத்தனார் வாயே திறக்க மாட்டாள், நான்தான் பேச வைத்தேன்'னு. நீ வாயத் தொறந்தப்ப காத மூடிகினேன்… இல்ல, நீ ஆறுதல்லாம் சொல்லாத. உன் வேலையில்ல அது.

இந்த வீடியோவ அழிச்சிட்டேன். இப்பவே, நீ பேசிகினு இருக்கசொல்லவே… ஆங், முழுசும் தான். ஓசூருல போட்டதயும்.

சார், கொஞ்சம் காலு… நான் எறங்கணும் சார்… ஆமா சார், கோயமுத்தூரு டிக்கெட்டு தான். பரவால்ல சார். அந்த பைய மட்டும் எடுத்து குடுக்கறீங்களா… தேங்ஸ் சார்.

ஸ்லோ ஆவுது மலரு. லைன்லயே இரு. பை, லேப்டாப்பு, தண்ணி பாட்டிலு… எல்லாம் கீது… தள்ளுப்பா, எறங்க வுடுப்பா…

எறங்கிட்டேன்.

எறங்கிட்டேன்டி. ஆஃபியா மேடத்துக்கு அப்பால பேசறேன், இன்னா சொல்றதுன்னு தெரியல. உண்மைய சொல்றேன். வூட்ல எம் பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல, அவ எம் பொறுப்புன்னு சொல்றேன். அதுக்கு மேல அவங்க இன்னா சொன்னாலும் வாங்கிக்கறேன்.

அதோ… ரயிலு நகந்துடுச்சி. என் ஜன்னலு சீட்டுல அந்த சாரு குந்திட்டாரு… போயிடுச்சி மலரு.

லோக்கலு அந்த பிளாட்பாரத்துல நிக்கிது போலகீது. மேம்பாலம் ஏறிகினே பேசறேன்… மூச்சு வாங்குது, இரு… கேளு. ஒம்போதரைக்கு வூட்டுக்கு வந்துருவேன். வயில எங்கியாச்சும் சிக்னல்ல போட்டான்னா பத்து. பத்து மணிக்கி நீ கெளம்புனா கூட ஒரு ஆட்டோ புடிச்சி மணலி கம்பெனிக்கி… அப்டி கொஞ்சம் லேட்டானாலும், நான் வர வரைக்கும் நீ மகி கூட இருப்பல்ல?… வேற யாரு கீறாங்க சொல்லு, நீ தானே…

…

இன்னா?

…

சூப்ப…

இல்ல. ஒண்ணும் இல்ல. பயைய நாக்கு. நான் ஒண்ணும் சொல்லல.

சரி மலரு.

சரி… ஒம்போதுக்கே கெளம்புற. சரி. மகிய ஜெமிமாக்கா கடைக்கி பின்னாடி ரூம்புல குந்த வெச்சிட்டு போற. நான் வந்து இட்டுகினு போறேன்… கடக்காரங்ககிட்ட நீ பேச வாணாம், நானே போன் போட்டு கேக்கறேன். எம் பொண்ணு, நான் தான் கேக்கணும். அவங்க மாட்டேன்னா அதுக்கும் நானே வயி பாக்கறேன். நீ அத நெனச்சிகினு வாசல்ல நிக்காத…

மூஞ்ச கழுவிக்கோ. கண்ணு செவப்பு போவட்டும்… இல்ல, இதுவும் நான் சொல்லல. உனுக்கு எப்டி போவணுமோ அப்டி போ.

கை தட்டலடி. ஒரு கையில பை, ஒரு கையில போனு.

…

இல்ல, இல்ல, இன்னொரு தபா சொல்ல வாணாம். சத்தமும் போதும். கேட்டுச்சி. இந்த தபா நல்லாவே கேட்டுச்சி…

மலரு?… ஹலோ?…

ஹலோ…